பழைய காரில் மைலேஜும் இழுவையும் குறைந்தால்: காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பழைய கார் முன்பைவிட அதிகமாக எரிபொருள் குடிக்கத் தொடங்கி, மேடுகளில் திணறவும் ஆரம்பித்துவிட்டால், பெரும்பாலானோர் முதலில் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றுகிறார்கள். அதில் சரியாகாவிட்டால் ஏர் ஃபில்டர், அதன் பிறகு ஏதாவது ஒரு சென்சார் என்று பாகங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். இந்த முறையில் சில நேரம் கோளாறு தற்செயலாகச் சரியாகிவிடும் என்றாலும், எது காரணமாக இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அதற்குள் நன்றாக இருந்த பாகங்கள் பல குப்பைக்குப் போயிருக்கும். கார் பழுதுபார்ப்பில் முன்பழக்கம் இல்லாத ஒருவர், பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பே, கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று படிப்படியாக நெருங்கி வருவதற்கான வரிசை கீழே சொல்லப்படுகிறது. பெரும்பகுதி பெட்ரோல் காரைப் பற்றியது. டீசலில் மாறுபடும் இடங்கள் தனியே வருகின்றன.

எந்தக் குறை, எந்தப் பக்கம்?

மைலேஜ் குறைவதும் இழுவை குறைவதும் ஒன்றல்ல. இரண்டில் எது இருக்கிறது, அல்லது இரண்டும் சேர்ந்து இருக்கின்றனவா என்பதே தேடலின் திசையைத் தீர்மானிக்கிறது. மைலேஜ் மட்டும் குறைந்து, கார் முன்புபோலவே சுறுசுறுப்பாக ஓடினால், என்ஜின் தேவைக்குச் சற்று அதிகமான எரிபொருளைப் பெறுகிறது என்றோ, டயரில் காற்று குறைந்திருக்கிறது என்றோ, ஓட்டும் சூழ்நிலை மாறியிருக்கிறது என்றோ கொள்ளலாம். இழுவை மட்டும் குறைந்து, மைலேஜ் பெரிதாக மாறாவிட்டால், என்ஜினுக்குப் போதிய காற்றோ எரிபொருளோ போய்ச் சேரவில்லை என்று பொருள். அடைத்த ஏர் ஃபில்டர், தொய்ந்த ஆக்சிலரேட்டர் கேபிள், தளர்ந்த எரிபொருள் பம்ப் ஆகியவை இந்த வகை. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், எரிக்கப்படும் எரிபொருள் முழு வேலையைச் செய்யவில்லை அல்லது செய்த வேலையை வழியில் ஏதோ ஒன்று விழுங்குகிறது. மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் எரிதல் தவறிப்போவது), தவறிய டைமிங் (தீப்பொறியோ வால்வோ உரிய நேரத்தில் இயங்காதது), அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்), வழுக்கும் கிளட்ச், பிடித்துக்கொண்ட பிரேக், குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) எல்லாம் இதில் அடங்கும்.

குறை திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததா என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திடீர்க் குறை பெரும்பாலும் கழன்ற குழாய், செயலிழந்த சென்சார், சிக்கிக்கொண்ட பிரேக் போன்ற ஒற்றைக் காரணத்தால் வருவது. மெல்ல வளர்ந்த குறைக்குப் பின்னால் பல சிறு தேய்மானங்கள் சேர்ந்து நிற்கக்கூடும். எரிபொருளே மாறியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்: ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறைவது இயல்பே தவிரக் கோளாறு அல்ல.

அளக்காமல் தொடங்க வேண்டாம்

டாஷ்போர்டில் காட்டும் சராசரி மைலேஜையோ, முள் இறங்கும் வேகத்தையோ நம்பி எதையும் முடிவுசெய்யக் கூடாது. டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நிற்கும் முதல் நொடியிலேயே நிறுத்திவிட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். வழக்கம்போல ஓட்டி, பாதி டேங்குக்கு மேல் செலவான பிறகு, இயன்றால் அதே பம்பில், அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். ஒரு முறை நிரப்புவதில் சில லிட்டர் பிழை எளிதில் வந்துவிடும் என்பதால், மூன்று நான்கு முறை நிரப்பிய கணக்கின் சராசரியே நம்பத் தகுந்தது. டயரின் அளவை மாற்றியிருந்தால் ஓடோமீட்டர் காட்டும் தூரமே தவறாக இருக்கும். பெரிய டயர் போட்ட காரில் மைலேஜ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இழுவையையும் இதேபோல அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்து இல்லாத, பாதுகாப்பான, சமதளச் சாலை ஒன்றில், குறிப்பிட்ட ஒரு கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று உடன் வருபவர் ஒருவரைக் கணக்கிடச் சொல்லுங்கள். இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் காற்றின் தாக்கமும் சிறு சரிவின் தாக்கமும் நீங்கிவிடும். பழுதுபார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பிறகு இதே அளவுகளை மீண்டும் எடுப்பதே முறை. இரண்டு பாகங்களை ஒரே நாளில் மாற்றியவருக்கு, எது பலன் தந்தது என்று சொல்ல வழியில்லை.

நிரப்பிய மறுநாளே முள் இறங்கியிருந்தாலோ, கார் நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் கசிவைத் தேடுங்கள். அது மைலேஜைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, தீ விபத்தைப் பற்றியதும்கூட.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

செலவே இல்லாத சோதனைகள் கீழே, சக்கரத்தில்தான் இருக்கின்றன. என்ஜினைத் திறப்பதற்கு முன் இவற்றை முடித்துவிட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், நன்றாக இயங்கும் என்ஜின்கள் பல, பிடித்துக்கொண்ட ஒரு பிரேக்கின் பழியைச் சுமந்து பிரிக்கப்படுகின்றன என்பதே.

டயர் காற்றழுத்தத்தை, கார் சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டையிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவே தவிர, உங்கள் காருக்கு உரிய அளவு அல்ல. டயரின் தேய்மானத்தையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போலவும் தட்டுப்பட்டால், வீல் அலைன்மென்ட் விலகி, டயர் உருள்வதோடு தேய்த்துக்கொண்டும் போகிறது என்று அறியலாம்.

அடுத்தது பிரேக். பத்துப் பதினைந்து நிமிடம், முடிந்தவரை பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஓட்டி, மெதுவாக உருளவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய், தொடாமல், வெப்பத்தை உணர்ந்து பாருங்கள்; அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அதன் பின்கள் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பாமல் நின்றிருக்கலாம். உறுதிப்படுத்த, சமதளத்தில் காரை ஜாக்கியால் தூக்கி, ஜாக் ஸ்டாண்ட் வைத்துத் தாங்கிய பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் ஒலி இயல்பு. சுற்றவே வலு தேவைப்பட்டால் அது பிரேக்கின் பிடிப்பு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் போகக் கூடாது.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதை ஓட்டும்போதே அறியலாம். கடைசி கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் சுழற்சி மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது; வேகமும் சுழற்சியும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, குறை வேறிடத்தில். ஆட்டோமேட்டிக் காரில் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை விடாமல், பிரேக் மிதியை மெல்லத் தொடுங்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டிருந்தால், தொட்டவுடன் பூட்டு விலகிச் சுழற்சி சிறிது ஏறும். எதுவுமே மாறாவிட்டால் அது முதலிலேயே பூட்டிக்கொள்ளவில்லை என்ற ஐயம் எழுகிறது.

காற்றின் வழி

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கார்புரேட்டர் (கணினியின்றிப் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) உள்ள காரில் அழுக்கான ஃபில்டர் கலவையில் எரிபொருளின் பங்கைக் கூட்டி மைலேஜைக் கெடுக்கும் என்பது சரி. ஆனால் கணினி கட்டுப்படுத்தும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் காரில், காற்று குறைந்தால் கணினி எரிபொருளையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவதால், அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும். மைலேஜில் அதன் தாக்கம் மிகச் சிறிது. ஆகவே அழுக்காக இருந்தால் மாற்றுங்கள், ஆனால் மைலேஜ் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என்ஜின் ஓடாத நிலையில், ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க, மற்றொருவர், என்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் வால்வு முழுவதும் திறக்கிறதா என்று பார்ப்பது, கேபிள் உள்ள கார்களில் எளிய, ஆனால் பெரும்பாலும் விட்டுப்போகும் சோதனை. தொய்ந்த கேபிளோ, மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கும் தரைவிரிப்போ என்ஜினின் வலுவில் கணிசமான பகுதியைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். கார்புரேட்டர் காரில், என்ஜின் சூடான பிறகு, குளிர்ந்த ஸ்டார்ட்டுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு முழுவதும் நிமிர்ந்து திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி மூடிய சோக்கோடு ஓடும் கார் கரும்புகை தள்ளி, எரிபொருளைக் கொட்டிக் குடிக்கும்.

என்ஜின் போதிய சூட்டுக்கு வருகிறதா?

மைலேஜ் மட்டும் குறைந்த பழைய காரில் நான் முதலில் சந்தேகிப்பது தெர்மோஸ்டாட்டைத்தான்; என்ஜின் சூடேறும்வரை கூலன்ட் என்னும் குளிர்விப்பு நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. குளிர்ந்த என்ஜினுக்கு அதிக எரிபொருள் தேவை என்பதால், சூடேறும்வரை கணினி கலவையைச் செறிவாக வைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், என்ஜின் தனக்குரிய 85 முதல் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டவே எட்டாது. வழியெங்கும் செறிவான கலவையோடேயே ஓடும். கார் நன்றாக இழுக்கும், பல கார்களில் விளக்கு எதுவும் எரியாது, மைலேஜ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இதைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது சோதிக்கலாம். என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள், சுழலும் ஃபேன் அருகே கையோ உடையோ போகாமல். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், குழாய் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடேறும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. நெடுஞ்சாலையில் வெப்பமுள் கீழே இறங்கி, நெரிசலில் நின்றதும் ஏறுவதும் இதே குறையின் அறிகுறி. சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும், கணினிக்கு வெப்பத்தைச் சொல்லும் சென்சார் பொய் சொன்னால் விளைவு ஒன்றுதான். பெரும்பாலான கார்களில் இந்த சென்சாரின் மின்தடை வெப்பம் ஏற ஏறக் குறையும்: 20 பாகையில் சுமார் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 300 ஓம் அளவிலும் இருக்கும். மல்டிமீட்டரால் அளந்து, உங்கள் காரின் பழுதுநூலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

தீப்பொறி

குளிர்ந்த என்ஜினிலிருந்து பிளக்குகளைக் கழற்றி, எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறாதபடி வரிசையாக வையுங்கள். என்ஜினின் உள்நிலையைத் திறக்காமலேயே காட்டுபவை இவை. முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் ஏறுகிறது. வெண்மையாகக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. நான்கும் ஒரே மாதிரி கரி படிந்திருந்தால் காரணம் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான சென்சாரிலோ எரிபொருள் அழுத்தத்திலோ இருக்கும். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த சிலிண்டரின் பிளக், காயில், வயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் சுருங்கிவிடும்.

பிளக்கின் இடைவெளி தேய்மானத்தால் விரியும்; அது பொதுவாக 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும் என்றாலும், கையேட்டின் அளவே இறுதி. விரிந்த இடைவெளியில் முழு ஆக்சிலரேட்டரில்தான் முதலில் மிஸ்ஸிங் வெளிப்படும். பிளக் வயர்களை இருட்டில் என்ஜின் ஓடும்போது எட்ட நின்று பாருங்கள். வயரின் மேல் நீலப் பொறி தாவினால் உறை வெடித்திருக்கிறது. ஓடும் என்ஜினின் வயரைக் கையால் பிடுங்கிச் சோதிப்பது வழக்கத்தில் இருந்தாலும், பல்லாயிரம் வோல்ட் பாயும் இடத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் டைமிங் பின்தங்கினால் இழுவை, மைலேஜ் இரண்டும் விழும், என்ஜினும் சூடாகும். டைமிங் லைட்டால் சரிபார்ப்பதோடு, வாக்கும் (என்ஜினின் உறிஞ்சல், vacuum) கொண்டு டைமிங்கை முன்தள்ளும் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்: அதன் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே தகடு நகர வேண்டும், உறிஞ்சிய அழுத்தம் நிற்க வேண்டும். டைமிங் பெல்ட்டை அண்மையில் மாற்றிய பிறகு இழுவை குறைந்திருந்தால், ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கலாம்.

ஸ்கேனரை வாசிக்கும் முறை

காரின் கணினியோடு ஸ்கேனரைப் பொருத்தும் பொதுவான ஓபிடி-2 இணைப்பு அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. உங்கள் காரில் அது இருந்தால் ஓர் எளிய ஸ்கேனரே பெரும் உதவி. ஆனால் பிழைக்குறியீடு பாகத்தின் பெயரைச் சொல்லுகிறது என்று நினைப்பதுதான் அதிகமான வீண்செலவுக்குக் காரணம். பி0171 என்றால் கலவையில் எரிபொருள் போதவில்லை என்று கணினி கண்டது என்றே பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்பதல்ல. பி0172 அதற்கு நேர்மாறு. பி0300 மிஸ்ஸிங்கையும், பி0128 என்ஜின் உரிய வெப்பத்துக்கு வரவில்லை என்பதையும் குறிக்கும்.

குறியீட்டைவிட நேரடித் தரவு அதிகம் பேசும். இரவு முழுவதும் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன், கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. பிறகு ஃபியூயல் டிரிம் எண்களைப் பாருங்கள். கணினி தன் அடிப்படைக் கணக்கோடு எவ்வளவு எரிபொருளைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம் அது. சூடான என்ஜினில் குறுகியகால, நீண்டகால டிரிம்களின் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) கூட்டல் பக்கம் உயர்ந்து, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. வெடித்த வாக்கும் குழாயைத் தேடுங்கள். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, சுமை ஏற ஏறக் கூட்டல் உயர்ந்தால் எரிபொருள் ஃபில்டர், பம்ப், அல்லது அழுக்கான காற்றோட்ட சென்சார். கழித்தல் பக்கம் பெரிதாக இருந்தால் எங்கிருந்தோ மிகையான எரிபொருள் வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், மிகையான அழுத்தம், கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர். பழைய கார்களில் ரெகுலேட்டரின் வாக்கும் குழாயைக் கழற்றிப் பார்த்து, அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்தது உறுதி.

கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள வழக்கமான வகை ஆக்சிஜன் சென்சார், சூடான என்ஜினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக அசைந்தாலோ ஓரிடத்தில் நின்றுவிட்டாலோதான் அதை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளியேறும் வழி அடைத்திருந்தால்

என்ஜின் ஐட்லிங்கில் சீராக ஓடி, வேகமெடுக்கும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் மூச்சுத் திணறினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். உறிஞ்சலை அளக்கும் வாக்கும் கேஜ் ஒன்றை, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்தால், கடல்மட்ட அளவில் நல்ல என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலப் பாதரசம் வரை காட்டும். உயரமான இடங்களில் 300 மீட்டருக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். சுழற்சியை 2,500-க்கு ஏற்றி அப்படியே பிடித்திருங்கள். முள் நிலையாக நின்றால் வழி திறந்திருக்கிறது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற முடியாமல் தேங்குகிறது. இந்தச் சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய இடத்தில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றியே உயிரைப் பறிக்கும். கன்வெர்ட்டர் பொதுவாகத் தானாக அடைப்பதில்லை. நீண்ட நாள் மிஸ்ஸிங்கோ ஆயில் எரிவதோ அதை உருக்கி அடைத்திருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதியது போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

டீசல் காரில் தீப்பொறியின் இடத்தை டர்போவும் இன்ஜெக்டரும் பிடிக்கின்றன. கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகப் போகும் குழாய்களில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் இதே அறிகுறி. புகையில்லாமல் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டரை முதலில் பாருங்கள். புகை வடிகட்டி உள்ள கார்கள் குறுந்தூரமே ஓடினால், அதைச் சுத்தப்படுத்த அடிக்கடி கூடுதல் டீசலை எரிக்கும்.

கடைசியாக, கம்ப்ரஷன்

மேலே சொன்ன எதிலும் குறை அகப்படாவிட்டால் என்ஜினின் உட்பகுதியை அளக்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருள் பம்பையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜைப் பொருத்தி ஐந்தாறு சுற்று சுழலவிடுங்கள். பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலும் 9 முதல் 13 பார் வரை வரும். எண்ணின் உயரத்தைவிட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். அது 15 சதவீதத்தைத் தாண்டினால் குறை இருக்கிறது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், எண் தெளிவாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டைக் கழற்றும் முடிவுக்குப் போவதற்கு முன், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) சரிசெய்யக்கூடிய என்ஜினாக இருந்தால், அதை அளந்துவிடுங்கள். இடைவெளி குறைந்த வால்வு சூடானதும் முழுவதும் மூடாமல் கம்ப்ரஷனைக் கசியவிடும். இதில் டேப்பட் சத்தம் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்பதால், என்ஜின் அமைதியாக ஓடுகிறதே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை. கையேட்டின் அளவுக்குச் சரிசெய்து மீண்டும் கம்ப்ரஷன் எடுத்தும் எண் ஏறாத சிலிண்டரில், சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைத் தேடும் லீக்-டவுன் சோதனை செய்யும் வசதியுள்ள பட்டறையை நாடுங்கள். அங்கே உள்ளே செலுத்திய காற்று இன்டேக்கில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் நிரப்பும் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழியாக வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று, எதைப் பிரிக்க வேண்டும் என்பது பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.